கடல் கடந்த பதினேழு மில்லிமீட்டர்

மேகமற்ற ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, பெண்கள் பள்ளி முற்றத்து மழைமானிக்குள் மட்டும் பதினேழு மில்லிமீட்டர் மழை பெய்தது. சுற்றிலும் மண் புழுதியாகவே கிடந்தது. அறிவியல் ஆசிரியை அளவுக்குழாயைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்து, எண்ணைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு வகுப்புக்குச் சென்றார்.

காரணம் எளியது. கடலுக்கு அப்பாலிருந்த மலைப்பள்ளி ஒன்றோடு அவர்கள் கூட்டு ஆய்வு தொடங்கியிருந்தனர். கருவி வேறுபாட்டால் பிழை நேரக்கூடாதென்று இரு பள்ளிகளும் தத்தம் மழைமானிகளை மாற்றிக்கொண்டன. ஒவ்வொரு பெட்டியிலும் கருவியோடு அவ்வூர்ப் பாட்டு ஒன்றும் சென்றது. மழையோ தன் கருவியைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது. அங்கே அடைமழையின் நடுவில் இவர்கள் அனுப்பிய மழைமானி உலர்ந்து நின்றது. மலைப்பள்ளிப் பிள்ளைகள் குடைபிடித்தபடி சுழியம் என்று எழுதினார்கள். பொருள் விளங்காமலே ஒருவர் ஊர்ப் பாட்டை மற்றவர் பாடிப் பழகியவாறு ஏழு மாதம் கழிந்தது.

எட்டாம் மாதம் கல்வி அதிகாரி வந்தார்.

"வெயில் மண்டையப் பிளக்குது, பதினேழுன்னு எழுதியிருக்கீங்க. யார் காதுல பூ சுத்துறீங்க, டீச்சர்?"

"குழாயில இருந்ததத்தான் எழுதினேன் சார்."

"எல்லாத்தையும் அடிச்சுட்டு சுழியம் போடுங்க. இல்லேன்னா அந்தப் பள்ளிக்கூடத்தோட உறவு இன்னையோட சரி."

சொல்லிக்கொண்டே அவர் மழைமானிக்கு மேல் குனிந்தார்.

"சார், தலை நனையுது" என்றாள் வாயாடி என்று பெயரெடுத்த மாணவி.

"வேர்வைம்மா."

"சட்டை காய்ஞ்சிருக்கே சார்! தலைக்கு மட்டுமா வேர்க்கும்?"

முற்றமே சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. "கொட்டுற மழையில நின்னுக்கிட்டு அந்தப் பிள்ளைங்க சுழியம்னு உண்மைய எழுதுதுங்க. நான் இங்க உக்காந்து பொய் எழுதணுமா? முடியாது சார்."

அதிகாரி மழைமானியைத் தகரத்தால் மூடி அரக்கு முத்திரை வைத்தார். மழை தகரத்துக்கு அடியில் பெய்தது. முத்திரையைத் தொடாமல், அடிக்கலத்தை மட்டும் கழற்றி ஆசிரியை அளந்துவந்தார். விளக்கம் கேட்டு மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றுக்கும் ஆசிரியை அன்றன்றைய அளவை மட்டும் எழுதி அனுப்பினார். கீழே வகுப்பின் நாற்பத்தொரு மாணவியரும் கையொப்பமிட்டிருந்தனர். நான்காம் கடிதம் வரவில்லை. மலைப்பள்ளிக்குப் பதிவேட்டின் நகல் ஒரு மாதமும் தவறாமல் சென்றது.

பதினோர் ஆண்டுகளுக்குப் பின், பள்ளிக் காவலரின் மனைவி முற்றத்தில் துணி உலர்த்தும்போது தகரம் துருவேறி உதிர்ந்துவிட்ட மழைமானியைச் சுற்றி இரண்டடி விட்டே கொடி கட்டுகிறார்.