மிளகாயும் வாத்தும் பயிர் செய்த தீவு

முப்பத்து நாலு வயது ஆம்பிளை, சிப்காட்டில் கியர் வெட்டும் மெஷினில் வேலை பார்ப்பவன், ஷிப்ட் முடிந்ததும் ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து முட்டைக்கோஸுக்குத் தண்ணீர் ஊற்றுகிறான் என்றால் யார் நம்புவார்கள்? அருப்புக்கோட்டையில் இருக்கும் அவன் பெண்டாட்டி சரஸ்வதியே நம்பமாட்டாள். ஆனால் 2008ஆம் வருஷம் பெரியதம்பி அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு தீவு. அதன் இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையாது. எந்தெந்த நாட்டிலோ உட்கார்ந்திருப்பவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பொம்மை மனிதனாக நடமாடலாம். நிலம் பிடிக்கலாம், பயிர் வைக்கலாம், படகு ஓட்டலாம். பெரியதம்பி அதில் மிளகாய் என்று பெயர் வைத்துக்கொண்டான். ஊர்ப் பாசம், வேறென்ன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தீவின் சதுப்பு நிலத்தில் தொப்பி போட்ட ஒரு பொம்மை முழங்கால்வரை மாட்டிக்கொண்டு நின்றது. அதன் பின்னால் ஆறு வாத்துகள். தலைக்கு மேலே இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் ஓடியது: "அய்யோ சாமி, காலு மாட்டிக்கிச்சே!" பெரியதம்பிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கண் காணாத அந்தத் தீவில் நம்ம ஆள் ஒருத்தன்! கயிறு போட்டு இழுத்து வெளியே விட்டான். அன்றைக்கே இரண்டு பேரும் வாடா போடா ஆகிவிட்டார்கள். அந்த ஆளின் பெயர் வாத்து.

வாத்தும் ஓசூர்ப் பக்கம்தான், ஷிப்ட் வேலைதான் என்பது போகப்போகத் தெரிந்தது. அதற்குமேல் எதுவும் தெரியாது. "பேரு, வயசு, கம்பெனி மூணும் கேக்கக் கூடாது. கேட்டா பேச்சு கெட்டுப்போயிரும்டா" என்று வாத்து முதலிலேயே சொல்லிவிட்டான். இவனும் கேட்கவில்லை.

சேர்ந்து ஒரு நிலம் பிடித்தார்கள். இதில் ஒரு கூத்து, இவனுக்குக் காலை ஷிப்ட் என்றால் அவனுக்கு மத்தியான ஷிப்ட். வாரம் மாறினால் இரண்டு பேருக்கும் மாறும். ஞாயிறு தவிர ஒருத்தன் முகத்தில் ஒருத்தன் விழிக்க முடியாது. அதனால் கம்பெனியில் மெஷினை அடுத்த ஷிப்ட்காரனிடம் எழுதி ஒப்படைக்கிற மாதிரியே, வயலோரம் இருந்த பலகையில் எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். "தண்ணி விட்டாச்சு. காட்டாடு மூணு சுத்துது, வேலியப் பாரு." "ஆட்டப் புடிச்சிக் கட்டிட்டேன். ஒண்ணுக்கு உன் பேரு வச்சிருக்கேன், அதுதான் ரொம்ப முட்டுது." இப்படி இரண்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கக் கிளம்பிப் பனிமூட்டத்தில் வழி தவறுவதும், யார் படகைத் திருப்பினது என்று சண்டை போடுவதுமாக ஓடியது. பெரியதம்பிக்கு ஓசூரில் அறை உண்டு, மெஸ் உண்டு, கூட வேலை செய்கிறவர்கள் உண்டு. சிநேகிதன் என்று சொல்ல அந்த வாத்து ஒருத்தன்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பலகையில் எழுதப் போனால் எழுத்து விழவில்லை. முந்தின நாள் ஏதோ இங்கிலீஷ் அறிவிப்பு வந்திருந்தது. நம்ம பெரியதம்பிக்கு இங்கிலீஷில் எது வந்தாலும் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அமுக்கிப் பழக்கம். சென்டரைப் பார்த்துக்கொள்ளும் பிரியதர்ஷினியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"அண்ணா, தீவ மூடறாங்களாம். சனிக்கிழமை சாயந்திரம் அஞ்சரையோட எல்லாம் காலி. பலகைய மட்டும் இப்பவே நிறுத்திட்டாங்க."

தீவு போனால் போகட்டும், சனியன். வாத்து? அடுத்த ஞாயிறு என்று ஒன்று இனிமேல் கிடையாது. இந்த வாரம் இவனுக்குக் காலை ஷிப்ட், அவன் காலையில்தான் தீவுக்கு வருவான். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, நம்பர் தெரியாது. ஓசூரில் இருக்கும் இத்தனை ஆயிரம் பேரில் போய் யாரிடம் வாத்து என்று விசாரிப்பது?

லீவு கேட்டான். மாசக் கடைசி, சனிக்கிழமைக்கு முன்னால் பேச்சே எடுக்காதே என்றுவிட்டார் சூப்பர்வைசர். அதுவரை சும்மா இருக்க முடியுமா? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். புதன்கிழமை வயலை முழுக்க வெட்டிவிட்டுப் பத்து பாத்தி போட்டான். செல்போன் நம்பரில் முதல் எண் ஒன்பது, முதல் பாத்தியில் ஒன்பது முட்டைக்கோஸ். அடுத்தது எட்டு, அடுத்த பாத்தியில் எட்டு. பூஜ்யத்துக்கு வெறும் பாத்தி. வாத்து கெட்டிக்காரன், பார்த்ததும் பிடித்துக்கொள்வான் என்று சந்தோஷமாக அறைக்குப் போனான்.

வியாழக்கிழமை வந்து பார்த்தால் பத்து பாத்தியிலும் ஒன்பது ஒன்பது முட்டைக்கோஸ்! வெறும் பாத்திகூட மிச்சமில்லை. நூல் பிடித்த மாதிரி வரிசை, சுற்றிலும் கல் பதித்த கரை வேறு. பெரியதம்பிக்குப் புரிந்துவிட்டது. எல்லாக் கம்பெனியிலும் சொல்லித்தருகிற பாடம்தானே, பொருள் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும், எதுவும் கோணலாக இருக்கக் கூடாது. அந்தப் பாடத்தைக் கொண்டுவந்து தீவில் காட்டியிருக்கிறான் பாவி! திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி நம்பரை நட்டான். வெள்ளிக்கிழமை மறுபடி ஒன்பது ஒன்பது. ஆடு மேய்ந்ததென்று நினைத்தானோ என்னவோ, புது வேலியும் போட்டிருந்தான். அந்த வேலியைப் பார்த்துச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சனிக்கிழமை லீவு. பத்து மணிக்கு சென்டருக்குப் போனால் கரண்ட் இல்லை.

"சாயந்திரம் ஆயிடும்ணா. அத்திப்பள்ளிக்குப் போங்க, அது கர்நாடகா லைனு" என்றாள் பிரியதர்ஷினி.

கர்நாடகாவில் மட்டும் கரண்ட் போகாதா என்ன? போகும், வேறு நேரத்தில் போகும். ஓடிப்போய் பஸ் ஏறி, ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் லாரிகளுக்கு நடுவே அரை மணி நேரம் வெந்து, அத்திப்பள்ளியில் ஒரே ஒரு சென்டரைக் கண்டுபிடித்துப் பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்தபோது பதினொன்றரை. தீவு திறந்தது. வயலில் தொப்பி போட்ட பொம்மை வேலிக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. அப்பாடா! இருக்கிறான்!

"டேய் வாத்து!" என்று அடித்தான்.

"டேய் மிளகாய்! வேலைக்குப் போவலியா?"

"உனக்காகத்தான்டா லீவு. எதுக்குடா என் பாத்தியக் கெடுத்த?"

"நான் எங்கடா கெடுத்தேன், கோணலா இருந்துது, சரி பண்ணேன். கடைசி வாரம்டா, எடத்த அழுக்கா உட்டுட்டுப் போவ மனசு வருமா?"

"அது என் போன் நம்பர்டா மடையா!"

"அய்யோ சாமி!" என்று ஒரு குரல் கேட்டது. திரையில் அல்ல, அறையின் கடைசித் தடுப்பிலிருந்து. அதற்குப் பிறகுதான் திரையில் அதே எழுத்து ஒவ்வொன்றாக வந்து விழுந்தது.

பெரியதம்பி எழுந்து எட்டிப் பார்த்தான். அங்கே இருந்தவருக்கு ஐம்பத்தேழு வயது இருக்கும். தலை முழுக்க நரை, மூக்கில் கண்ணாடி, இஸ்திரி போட்ட கம்பெனி சட்டை. அவன் அப்பா மாதிரி இருந்தார். அவரும் அதற்குள் எழுந்து, வாயெல்லாம் பல்லாகக் கையை நீட்டினார். இவன் கை தானாகக் கும்பிட்டுவிட்டது.

"சார்... நீங்களா? மன்னிச்சுக்கங்க சார். தெரியாம வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு பாதியில் நின்றது. நீட்டின கையை மடக்கிக்கொண்டார்.

"அதனால என்ன. உக்காருங்க தம்பி" என்றார்.

தம்பி! இரண்டு வருஷமாக மாடு, எருமை என்று கூப்பிட்ட ஆள் தம்பி என்கிறார். டீ வந்தது. அவர் பெயர் சென்னப்பன், வீடு ஜூஜுவாடி, பெயின்ட் ஷாப்பில் ஃபோர்மேன், ஓய்வு பெற இன்னும் எட்டு மாசம். அவன் பெயரும் ஊரும் அவர் கேட்டுக்கொண்டார். பெண் பார்க்கப் போன வீட்டில் பேசுகிற மாதிரி இருந்தது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார், "கம்பெனில சாரு, வீட்ல மாமா, ஊர்ல அண்ணே. என்னைய டேய்னு கூப்பிட எங்கண்ணன் ஒருத்தன் இருந்தான். அவன் போயி நாலு வருசம் ஆச்சு. அப்பறம் தீவுலதான் ஒருத்தன் கூப்பிட்டான். அதுக்குத்தான் வயசு கேக்கக் கூடாதுன்னு சொன்னது."

பெரியதம்பி என்னென்னவோ சொல்ல நினைத்தான். வாயிலிருந்து வந்தது என்னவோ "சரிங்க சார்" என்பதுதான். இவனையெல்லாம் என்ன செய்வது!

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, வரேன் தம்பி." சென்னப்பன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெரியதம்பி திரையைப் பார்த்தான். வயலில் ஆறு வாத்துகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. அடப்பாவி, நம்பர் வாங்கவில்லையே! இவ்வளவு பாடும் எதற்கு? எழுந்து ஓடினான். ரோட்டைத் தாண்டுவதற்குள் ஓசூர் பஸ் நகர்ந்துவிட்டது. படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நரைத்த தலை தெரிந்தது.

"சார்!" என்று கத்தினான். பஸ்ஸில் நாலு பேர் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. அந்த பஸ்ஸில் யார்தான் சார் இல்லை? மறுபடி "சார்! சார்!" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினான். பஸ் வேகம் பிடித்தது.

"டேய் வாத்து! நில்லுடா! நம்பர் குடுக்காம எங்கடா போற, எருமை!"

பேருந்து நிறுத்தமே திரும்பிப் பார்த்தது. கண்டக்டரே பயந்துபோய் விசில் அடித்தார். பஸ் நிற்பதற்குள் சென்னப்பன் குதித்து இறங்கி, தடுமாறி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரும்பி நடந்துவந்தார். பஸ் அவரை விட்டுவிட்டுப் போயிற்று. ஷிப்டைப் பற்றி அவர் நினைத்ததாகவே தெரியவில்லை. கண்ணெல்லாம் தண்ணீர்.

கிட்டே வந்து பெரியதம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி கூப்பிடுடா" என்றார்.

பெரியதம்பி கூப்பிட்டான்.