இருமுறை ஒப்படைத்த சாவி

அலுவலகத்தில் அவரைச் சுத்தக்காரர் என்பார்கள். யாராவது பாதி காப்பியோடு கோப்பையை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் போதும், அதைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். நிரல் எழுதும்போதும் அதே கைதான். கணினியிடம் வாங்கிய நினைவக இடத்தை, வேலை முடிந்த கணமே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஒரு நிரல்மொழிக்குக் கூடுதல் திறன் தரும் நீட்சி எழுதும் வேலையில் மனைவியின் தங்கையைச் சேர்த்துவிட்டதும் அவரே. அந்த நீட்சி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று மூச்சை நிறுத்தும். அப்படி விழுவதெல்லாம் அவள் எழுதிய பகுதியில். சுத்தக்காரர் மேலாளரிடம் அவளைக் கைகாட்டினார். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவள் போன பிறகும் நீட்சி விழுந்தது. அவள் பகுதியை இவரே புதிதாக எழுதியும் விழுந்தது. அலுத்துப்போய், எந்த இடத்தை யார் வாங்கினார், யார் விட்டார் என்று காட்டும் கருவியை ஓட்டினார். அது காட்டியது இவர் எழுதிய வரியை.

நினைவகத்தை ஒரு விடுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை காலியானதும் சாவியை ஒப்படைப்பது அந்த நிரல்மொழியின் பொறுப்பு. இவரோ கை சும்மா இராமல், அதே சாவியைத் தாமும் ஒருமுறை ஒப்படைத்திருந்தார். அதற்குள் அந்த அறையில் அவளுடைய தரவு குடியேறியிருந்தது. அறை காலி என்று நம்பிய விடுதி, வேறொருவரையும் உள்ளே அனுப்பியது. அடிதடி நடந்தது அவள் அறையில், பழியும் அவள்மேல்.

மேலாளரிடம் ஓடினார்.

"இப்ப வந்து சொல்றீங்களே சார்! நீட்சியே வேண்டாம்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. அந்த வேலையே இப்ப இல்ல."

மாலையில் மாமனார் வீட்டுக்குப் போனார். மாமனார் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே, "வாங்க மாப்பிள்ளை. சிபாரிசு பண்ணின உங்க பேரையும் கெடுத்துட்டா" என்றார்.

"தப்பு என்னோடது மாமா. அவ எழுதினதுல ஒரு குறையும் இல்ல. தெரியாம பழிய அவ தலைல கட்டிட்டேன்."

செய்தித்தாள் தாழ்ந்தது. அவள் சமையலறை வாசலிலேயே நின்றாள்.

"வேலை திரும்பக் கிடைக்குமா அத்தான்?"

"கிடைக்காதும்மா. கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"போற இடமெல்லாம், ஏன் உங்கள அனுப்பினாங்கன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

அவர் கைப்பேசியை எடுத்தார். "கடைசியா போன இடத்து நம்பரச் சொல்லு."

அவள் சொன்னாள். அழைத்து அவள் பெயரைச் சொன்னதும், மறுமுனையில் ஒரு பெண், "சாரி சார், அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாச்சு" என்றாள்.

"இருக்கட்டும்மா. நடந்தத மட்டும் கேட்டுக்குங்க" என்று, மாமனாருக்கும் கேட்கும்படி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.