மறை மூன்றுக்கு வலப்பக்கம்

தெமோதரைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பல வருடங்களாக விஜயலெட்சுமிதான் கணித டீச்சர். அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். பிள்ளைகள் அவளுக்குப் பயந்தார்கள். அதை மரியாதை என்று நம்பியிருந்தாள், ஜெனீரா வரும்வரை.

பதுளையிலிருந்து மாற்றலாகி வந்த ஜெனீரா, பெரிது, சிறிது காட்டும் சமனிலிகளை எண்கோட்டில் குறிக்கும் பாடத்தை மைதானத்தில் தொடங்கினாள். நீளமாகக் கயிறு போட்டு, எண் அட்டைகளை வரிசையாக வைத்தாள். x > 2 என்றால் இரண்டின்மேல் வெறும் சைக்கிள் டயர்; இரண்டு சேராது. x ≥ 2 என்றால் அங்கே வாளி மூடி, இரண்டும் சேரும். விடை எந்தப் பக்கமோ அங்கே பிள்ளைகள் ஓடி நிற்க வேண்டும்.

விஜயலெட்சுமியின் வகுப்பு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நமக்கும் கயிறு போடுவீங்களா டீச்சர்?"

"கயிறு மாடு கட்டத்தான். பென்சில எடு."

அன்று முழுக்க மைதானத்துப் பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம் அவள் காதில் குத்தியது. ஒருநாள் இந்த ஜெனீரா தடுக்கி விழமாட்டாளா என்று காத்திருந்தாள்.

ஆசிரிய ஆலோசகர் ஸ்ரீஸ்கந்தராஜா பாடத்தைப் பார்வையிட வந்த நாளில் இரண்டு வகுப்பையும் மைதானத்துக்கு இறக்கினார்கள். ஜெனீரா பலகையில் –2x < 6 என்று எழுதி, இரண்டு பக்கத்தையும் –2ஆல் வகுத்தாள். அடுத்த வரியில் x < –3 என்று எழுதினாள். மறை எண்ணால், அதாவது கழித்தல் குறி போட்ட எண்ணால், வகுத்தால் குறி திரும்ப வேண்டும். பதற்றத்தில் அதை மறந்துவிட்டாள்.

விஜயலெட்சுமி உடனே கண்டுகொண்டாள். நெஞ்சுக்குள் இனித்தது. வாயைத் திறக்கவில்லை.

பிள்ளைகள் மறை மூன்றுக்கு இடப்பக்கம் ஓடினார்கள். சிவசக்தி மட்டும் பூச்சியத்தில் நின்றாள். அவள் விஜயலெட்சுமியின் மாணவி.

"அங்க எதுக்குடி நிக்கிற?" என்று எல்லோரும் சிரித்தார்கள். சிவசக்தியின் கண் கலங்கியது. அவள் விஜயலெட்சுமியைப் பார்த்தாள்.

இன்னும் கொஞ்சம் பேசாமல் இருந்தால், ஜெனீராவோடு சேர்ந்து இந்தப் பிள்ளையும் அவமானப்படும்.

"சிரிக்காதீங்க! x-க்குப் பூச்சியத்த போட்டுப் பாருங்க. பூச்சியம் ஆறுக்குக் குறைவுதானே? அவ நிக்கிறதுதான் சரி."

ஜெனீரா பலகையைத் திரும்பிப் பார்த்தாள். முகம் சிவந்தது. பிறகு குறியைத் திருப்பி x > –3 என்று எழுதினாள். "நான்தான் பிழையா எழுதிட்டேன், பிள்ளைகள். விஜி டீச்சர் படிப்பிச்ச பிள்ளை, அதான் ஏமாறல்ல."

அவள் சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அந்தப் பாராட்டுத்தான் விஜயலெட்சுமியை எரித்தது.

போகும்போது ஆலோசகர் ஜெனீராவிடம் சொன்னார்: "பிழை எல்லாருக்கும் வாறதுதான். இந்த முறை நல்லாயிருக்கு. வாற சனிக்கிழமை பதுளையில மற்ற ஆசிரியர்மாருக்கும் செய்து காட்டுங்கோ."

விஜயலெட்சுமி வேறு எங்கோ பார்த்தாள்.

"நீங்களும் வாங்களேன் டீச்சர்," என்றாள் ஜெனீரா. "பக்கத்துல நீங்க நின்டா எனக்குப் பயமில்ல."

"எனக்கு வேற வேல இருக்கு."

ஆனாலும் அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் ஜெனீராவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பொறாமை அப்படியே இருந்தது. பதுளை நெருங்கும்போதுதான் கேட்டாள்:

"மொதல்ல எந்தக் கணக்கு போடப் போறீங்க?"