கொடியில் இல்லாத அண்டா

அண்டாவில் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. கலியன் மூங்கில் கழியில் துணியை மாட்டி முக்கினான், தூக்கினான், மறுபடி முக்கினான். நெசவாளர் சங்கத்தின் முதல் கொடிக்கான துணி அது. கூலி வேண்டாமென்று சொல்லிவிட்டான்.

கொடிக்குப் படம் போடுகிறவன் பழனி. சேலைக் கரைக்கு வடிவம் வரைகிற கை என்று சங்கம் அவனிடம் விட்டிருந்தது. தாளை விரித்துக் காட்டினான்.

"நடுவுல தறியில ஓடற நாடா, தறிக்காரங்க. இந்தாண்ட ராட்டினம், நூல் சுத்தற பொம்பளைங்க. அந்தாண்ட..."

"நம்ம அண்டாவாபா இது?" கலியன் குனிந்து பார்த்தான். "அடியில நெருப்பு கூட போட்டுக்கிறே."

மாலையில் சங்கத் தலைவர் சீனிவாசன் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "கொடின்னா தூரத்துலேந்து தெரியணும் பழனி. இது சமையக்கட்டு மாதிரி இருக்குது. நாடா மட்டும் போதும்."

பழனி கூலிக்கு நெய்ததே சீனிவாசன் வீட்டுத் தறியில்தான். மற்ற இரண்டையும் அழித்தான்.

பிள்ளையார்பாளையத்தில் கொடி ஏறியபோது கலியன் வெகுநேரம் அண்ணாந்து நின்றான். பிறகு பழனியின் பக்கத்தில் வந்து, "அண்டா இன்னாச்சு?" என்றான்.

"நாடாவுலயே எல்லாரும் அடக்கம்பா."

கலியன் தலையாட்டிக்கொண்டு போனான்.

ஐப்பசி மழையில் சாயப்பட்டறையின் மண் அடுப்பு இளகி அண்டா சரிந்தது. கலியனின் இரண்டு கைகளும் வெந்துபோயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை. வேலை செய்ய முடியாமல் விழுந்தவர் வீட்டுக்குச் சங்கம் அரிசி தருவது வழக்கம். அவன் மனைவி அங்கம்மாள் வந்து கேட்டாள்.

சீனிவாசன் தணிந்த குரலில்தான் பேசினார். "கொடியில இன்னா இருக்குது பாரும்மா. நாடா. நாடா ஓட்டறவங்களுக்குத்தான் சங்கம்."

அவள் ஓரமாக நின்றிருந்த பழனியைப் பார்த்தாள். "எல்லாரும் அடக்கம்னு நீதானேண்ணே அவருகிட்ட சொன்னே?"

பழனி வாயெடுத்தான். சீனிவாசன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் படம் போடறவன்தாம்மா," என்றான்.

அன்றிலிருந்து சாயப்பட்டறைத் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு தறிக்குப் போனான். சோற்றில் கை வைத்தால் கலியனின் விரல்கள் நினைவுக்கு வந்தன.

மார்கழி கடைசியில், தெருவுக்கொரு கொடி வேண்டுமென்று சங்கம் முடிவு செய்தது. வெள்ளைத் துணிக் கட்டோடு சாயப்பட்டறைக்குப் பழனிதான் போகவேண்டியிருந்தது. அங்கே அங்கம்மாள் கழியைப் பிடித்துக்கொண்டு அண்டா முன்னால் நின்றிருந்தாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த கலியன், "இன்னும் ஒரு கொதி வரட்டும்," என்று அவளுக்குப் பதம் சொல்லிக்கொண்டிருந்தான். பழனியைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டான்.

"வா பழனி, குந்து."

பழனி உட்காராமல் துணிக் கட்டை நீட்டினான்.

"எப்ப வோணும்ணே?" அங்கம்மாள் கட்டை வாங்கிக்கொண்டாள்.

"பொங்கலுக்குள்ள."

அவள் துணியைப் பிரித்து அண்டாவில் போட்டாள். காற்றடைத்த வெள்ளை உப்பி உப்பி மேலே வந்தது. ஆவிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கழியால் அதை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.