அதே அதிர்வில்

கண்ணாடித் தட்டில் சின்னச் சின்ன எஃகுக் குண்டுகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன. தட்டை அதிரவைக்கும் கருவியின் வேகத்தைக் கிஷாந்தன் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வந்தான். பதுளையில் பௌதிகவியல் விரிவுரையாளனான அவனுடைய ஆய்வு இது. வரிசையாக நிற்கும் குண்டுகள், குலுக்கல் ஓர் அளவைத் தாண்டியதும் ஒரேயடியாகக் கலைந்து ஓடும். குலுக்கிக்கொண்டே இருக்கும்வரை அவற்றுக்கு ஓய்வு என்பது கிடையாது.

அவன் மனைவி சுதர்ஷினி பையோடு ஆய்வுகூட வாசலில் நின்றாள். மடுல்சீமையில் அம்மா வீட்டுக்குப் போகிறாள். வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்திருந்தாள். அழாமலே பிறந்த குழந்தையைப் புதைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவளைப் போகவிடாமல் நிறுத்தும் ஒரு சொல்லை அவன் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தான்.

அவள் வெகுநேரம் தட்டையே பார்த்தாள்.

"இது எப்பங்க நிக்கும்?"

"தெரியேல்லை. காலமை இதே அளவில வரிசையா நிண்டது. ஒருக்காக் கலைஞ்சா, அந்த அளவுக்கு வந்தாலும் திரும்பச் சேராது. இன்னும் எவ்வளவோ குறைக்கோணும்."

"அளவு ஒண்ணுதானே?"

"ஒண்டுதான். ஆனா இடையில கலைஞ்சிட்டுதெல்லே."

அவள் சிரித்தாள். "இது தெரிஞ்ச மனுசனா, நான் ஆஸ்பத்திரியிலருந்து வர்றதுக்குள்ள தொட்டில வித்துட்டு, புள்ளைக்குன்னு நிறம் மாத்துன அறைக்குப் பழைய பச்சையவே அடிச்சு வச்சது?"

"நீர் கண்டா தாங்கமாட்டீர் எண்டு..."

"எல்லாம் முன்ன மாதிரி இருந்தா நானும் முன்ன மாதிரி ஆயிருவேன்னு நெனச்சீங்க."

அவன் கருவியை நிறுத்தினான்.

பையை வாங்கிக்கொண்டு பஸ் நிலையம்வரை கூடவே நடந்தான். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பையை மேலே வைத்துவிட்டு, அவன் கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

"நான் என்ன செய்திருக்கோணும்? சொல்லும்."

"ஒண்ணும் செய்யாம, எங்கூட உக்காந்து அழுதிருக்கலாம்."

அந்த அறைச் சுவருக்குப் பச்சை பெயின்ட் அடித்தபோது, தூரிகையைப் பிடிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து அழுதிருந்தான். அதைச் சொல்ல வாயெடுத்தான். இப்போது சொன்னால் தன் பக்க நியாயமாகத்தான் ஒலிக்கும் என்று பட்டது.

"ஐயா, டிக்கெட் எடுக்கிறீங்களா, இல்ல பஸ்ஸுக்கு முட்டுக் குடுக்கிறீங்களா?" என்றார் கண்டக்டர். முன்சீட்டில் யாரோ சிரித்தார்கள்.

அவன் இறங்கினான்.

பஸ் நகர்ந்தது. ஜன்னல் கம்பியில் அவள் விரல்கள் தெரு வளைவுவரை தெரிந்தன. அவை மறைந்த பிறகும் அவன் அங்கேயே நின்றான். வேறு திசைக்குப் போகும் பக்கத்து பஸ்ஸிலிருந்து ஒருவர், "அப்புத்தளை, அப்புத்தளை! ஐயா வாங்க, சீட் இருக்கு" என்று கூப்பிட்டார்.