கியரில் நிற்காத வண்டி

தெமோதரைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் மத்தேயுவுக்கு இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மார்ச் மாதம் முழுவதும் ஒரே சிந்தனையாகப் போயிற்று. பதுளையில் ஸஹாப்தீனின் கராஜில், ஜப்பானிலிருந்து வந்த பழைய இருநூற்றைம்பது சீசீ ஸ்கூட்டர் ஒன்று நின்றது. சோபாவைப் போல் அகன்ற இருக்கை, முதுகுக்குச் சாய்மானம், பனிக்காற்றைத் தடுக்கும் கண்ணாடி. ஆனால் வழியில் நின்றுபோனால் தள்ள இரண்டு ஆள் வேண்டும். ஒரு சாமான் உடைந்தால் கொழும்புக்குத்தான் ஓட வேண்டும்.

ஆசையும் அச்சமும் இப்படி மாறிமாறி இழுத்ததற்குக் காரணம் மனைவி பவுலினா. இடுப்பெலும்பு முறிந்து தகடு வைத்த பிறகு அவளால் பஸ் படியில் கால் தூக்கி வைக்க முடியவில்லை; பழைய மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலே வலி. பண்டாரவளைக் கோவிலின் பாடகர் குழுவில் பதினெட்டு வருடம் பாடியவள், இயேசு உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாள்கள் இரண்டை வீட்டிலேயே கழித்துவிட்டாள். மூன்றாவது நெருங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிறு மாலை ஸஹாப்தீன் வண்டியை வாசலுக்கே கொண்டுவந்தார்.

"மாஸ்டர், மிஸ்ஸ வச்சு ஒரு ரவுண்ட் போயிட்டு வாங்க. பொறகு பேசுவோம்."

"இது வண்டியா, எருமையா?" என்றாள் பவுலினா.

"பேசாம ஏறு பவுலி."

ஸ்டேஷன் வளைவுவரை போய்த் திரும்பும்போது, முதுகுக்குப் பின்னால் மெல்லிய முணுமுணுப்பு கேட்டது. பாஸ்குப் பாட்டு. மத்தேயு மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு ஓட்டினார்.

வீட்டு ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, கேட்டைத் திறக்க இறங்கினார். மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும், வண்டி உருளாமலிருக்கக் கியரில் போட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். அதே பழக்கத்தில் சாவியைத் திருகி என்ஜினை அணைத்துவிட்டு நகர்ந்தார். இந்த வண்டிக்குக் கியர் கிடையாது என்பது நினைவில் இல்லை. பவுலினாவைச் சுமந்தபடி அது பின்னோக்கி உருண்டது.

"என்னங்க!"

பாய்ந்து பிடித்தவரையும் அது இழுத்துக்கொண்டு போய், தேயிலை வரம்பில் முட்டி நின்றது. வாசலில் காத்திருந்த ஸஹாப்தீன் ஓடிவந்தார்.

"வேணாம்," என்றார் மத்தேயு. "கொண்டு போயிருங்க ஸஹாப்தீன்."

"பார்க்கிங் பிரேக் இருக்கே மாஸ்டர்! இந்தா, இந்த லீவர். சொல்ல மறந்துட்டன்."

"அதுதான் சொல்ல வேண்டிய மொத விசயம்!"

பவுலினா இறங்கவில்லை. இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"வலிக்குதா?"

"இல்லங்க. ஸ்டேஷன் வரைக்கும் போயும் வலிக்கல." குனிந்து பின்சில்லைப் பார்த்தாள். "வெறகுக் கொட்டில்ல ஒரு கட்டை கெடக்கு. எடுத்துட்டு வாங்க."

"எதுக்கு?"

"மேட்டுல பஸ் நின்னா கண்டக்டர் குதிச்சுச் சில்லுக்குக் கட்டை வைக்கிறானில்ல? இனிமே டிரைவரும் நீங்கதான், கண்டக்டரும் நீங்கதான். மொதல்ல கட்டை, பொறகு கேட்டு."

ஸஹாப்தீன் சிரித்துவிட்டார். மத்தேயு கட்டை வைத்து அவளை இறக்கியதும், ஸஹாப்தீன் இருக்கையை உயர்த்திக் காட்டினார். அதன் கீழே ஒரு பெட்டியளவு இடம்.

"இந்தப் பக்கம் கட்டைக்கு," என்றாள் பவுலினா. "அந்தப் பக்கம் என் பாட்டுப் பொஸ்தகத்துக்கு."

மத்தேயு லீவரை இழுத்தார். நம்பிக்கை வராமல் கட்டையையும் ஒருமுறை உதைத்து இறுக்கினார்.

"சரி, வெலையச் சொல்லுங்க."