கரண்டிச் சத்தம்

நாத்தனார் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு மூஞ்சியைச் சுளித்தாள். மீதியை அப்படியே தொட்டியில் கொட்டினாள். கூடத்தில் தம்பியின் உடம்பு கிடந்தது. சுடுகாட்டு வண்டி மதியத்துக்கு மேல்தான் வரும். வந்தவர்கள் தொண்டையை நனைக்க வேண்டுமே என்று நாத்தனாரே சமையலறைக்குள் புகுந்து, மேடையில் இருந்த கண்ணாடி ஜாடியைத் திறந்து, தம்பி கடைசியாக வறுத்துவைத்த காப்பிக்கொட்டையை அரைத்து வடித்திருந்தாள்.

"அடுப்புக்கரி மாதிரி இருக்கு. என் தம்பி கையில ஒரு கொட்டை கருகினதில்ல. நீ என்ன பண்ணினே?"

"நான் ஒண்ணும் பண்ணலை, அண்ணி."

உண்மைதான், அவள் ஒன்றுமே பண்ணவில்லை. ஒரு வாரமாகப் புருஷனிடம் வாயைக்கூடத் திறக்கவில்லை.

தராசு ரிப்பேர் பார்க்கும் மனிதருக்கு இந்தக் காப்பிக் கிறுக்கு எங்கிருந்து பிடித்ததோ! பச்சைக்கொட்டையைப் பைபையாக வாங்கிவந்து, பட்டறையிலிருந்து திரும்பியதும் இரும்பு வாணலியை அடுப்பில் ஏற்றிவிடுவார். வீடு முழுக்கப் புகை. தெருவில் அவருக்குப் புகைவண்டி என்றே பெயர். கொட்டையின் தோல் சருகாகப் பறந்து, அவள் வெளுத்து மடித்துவைத்த படுக்கை விரிப்பில் போய் உட்காரும். அவளோ காப்பியைத் தொடாத டீக்கட்சி. கல்யாணமான நாளிலிருந்து எலியும் பூனையுமாகத்தான் காலம் ஓடியது.

அவர் வறுப்பதே மூக்கால்தான். கறுத்த வாணலியில் நிறத்தை நம்பினால் ஏமாந்துபோவோம் என்பார். முதலில் பச்சைப்புல் வாசனை வரும், அப்புறம் ரொட்டி வாசனை. அதுவும் போய்ப் புகையில் ஓர் இனிப்பு ஏறும்போது அவளுக்குத் தொண்டை கமறும். படுக்கையறையிலிருந்தே கத்துவாள்: "கருகுது! மூக்கு செத்துப் போச்சா உங்களுக்கு?" அவள் வாயை மூடுவதற்குள் அங்கே கரண்டிச் சத்தம் நின்றுவிடும். மற்ற எதற்கும் காது கொடுக்காத மனிதர் இந்த ஒன்றிலாவது நம் சொல்லுக்கு அடங்குகிறாரே என்று அவளுக்கு உள்ளூரக் கர்வம்கூட உண்டு.

போன வாரம் அவளுடைய மிக்ஸியில் காப்பிக்கொட்டையை அரைத்துவிட்டார். மறுநாள் மிளகாய்த்தூளில் காப்பி மணந்தது. அந்தச் சண்டையில்தான் இனி உங்களோடு பேசினால் என் நாக்கு அழுகட்டும் என்று சொல்லிவிட்டாள். சொன்ன சொல்லில் நின்றாள். முந்தாநாள் வறுக்கும்போது அந்த இனிப்பு வாசனை வந்தது. வார்த்தை நுனிநாக்கு வரை வந்தது. பல்லைக் கடித்து விழுங்கிவிட்டாள். புகை கறுத்தது. அவர் கிளறிக்கொண்டே படுக்கையறைப் பக்கம் இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். வேண்டுமென்றே கருக்கிவிட்டு வேடிக்கை வேறு பார்க்கிறார் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேற்றுக் காலை நாற்காலியில் சாய்ந்தவர் சாய்ந்தபடியே போய்விட்டார். நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

"நீ பேசாம இருந்தே அவனைக் கொன்னுட்டே," என்றாள் நாத்தனார், கூடத்துக்கும் கேட்கும்படி. பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றமா என்று கேட்க அவளுக்கு வாய் துடித்தது. போய்க் கால்மாட்டில் உட்கார்ந்தாள். உடம்பின்மேல் போர்த்தியிருந்தது அவள் வெளுத்த விரிப்புதான்.

அவர் கூட்டாளி தையல்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஞாயிறு தவறாமல் இங்கே காப்பி குடிக்க வருகிறவர். இன்று கோப்பையை ஒரு வாயோடு ஓரமாக வைத்துவிட்டார். மெதுவாகக் கேட்டார்.

"ஏன் தங்கச்சி, இந்தத் தடவை நீ சத்தம் போடலையா?"

அவளுக்குப் புரியவில்லை.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதோட அவனுக்கு வாசனையே தெரியாமப் போச்சு. சாம்பிராணியும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான். அப்புறம் எப்படிடா வறுக்கிறேன்னு கேட்டேன். அவ கத்தினா இறக்கிடுவேன், அவ மூக்கு தப்பவே தப்பாதுன்னான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே, அண்ணே."

"சொன்னா நீ வாணலியைப் பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுடுவேன்னு அவனுக்குப் பயம். என்கிட்டச் சத்தியம் வாங்கியிருந்தான்."

போட்டிருப்பாள்தான்; அதில் சந்தேகமில்லை. அவளுக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. ரெண்டு வருஷமாக அவள் தொண்டை கிழியக் கத்தியதையெல்லாம் குக்கர் விசில்போல எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர்! ஊரார் கைராசி கைராசி என்று புகழ்ந்தபோது கூசாமல் சிரித்துக்கொண்டும் இருந்திருக்கிறார். முந்தாநாள் திரும்பித் திரும்பிப் பார்த்த அந்த முகம் நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே. அவரும் கேட்கவில்லை. படுபாவி, படுபாவி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். யாரைச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சமையலறையில் அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. கருகின காப்பியோடு தன் தம்பி போகக் கூடாதாம். பையில் மிச்சமிருந்த பச்சைக்கொட்டையை நாத்தனார் வாணலியில் கொட்டிவிட்டாள். வேண்டாம் என்று யாரோ சொன்னதற்கு, அவனுக்கு வறுக்கவே நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று பதில் வந்தது. அது பொய். ஆனால் அன்றைக்கு அதை யார் கேட்பது?

கரண்டி இரும்பில் உரசத் தொடங்கியது. பச்சைப்புல் வாசனை கூடத்துக்கு வந்தது. பிறகு ரொட்டி. தையல்காரர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சருகுத் தோல் ஒன்று மிதந்துவந்து விரிப்பில் உட்கார்ந்தது. அவள் கை பழக்கத்தில் தட்டிவிடப் போய், பாதியில் நின்றது.

இனிப்பு ஏறியது. தொண்டை கமறியது.

"போதும் அண்ணி, இறக்குங்க."

"என் வேலை எனக்குத் தெரியும்."

உரசல் தொடர்ந்தது. புகை கனத்தது. கூடத்தில் இரண்டு பேர் இருமினார்கள். அவள் எழுந்து நின்றாள். ஒரு வாரமாக அடைத்துக் கிடந்த குரல் வீடே அதிர வெளியே வந்தது.

"கருகுது! மூக்கு செத்துப் போச்சா உங்களுக்கு?"

கூடம் முழுக்கத் திடுக்கிட்டு நிமிர்ந்தது. அவள் சமையலறைப் பக்கம் பார்க்கவே இல்லை. விரிப்புக்கு வெளியே தெரிந்த அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

கரண்டிச் சத்தம் நிற்கவில்லை.